கட்டை யார் பையில்

அவளை எல்லோரும் டெஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கொண்டை போட்டு, அதில் கரண்ட் பார்க்கிற டெஸ்டரைச் செருகிக்கொண்டுதான் எலக்ட்ரிக் வேலைக்கு வருவாள். எந்த ஒயரைத் தொடுவதற்கு முன்னாலும் கை தானாகக் கொண்டைக்குப் போகும். டெஸ்டரில் விளக்கு எரியவில்லை என்று பார்த்த பிறகுதான் விரல் ஒயருக்குப் போகும். சின்னவர்கள் டெஸ்டர் அக்கா என்பார்கள், பெரியவர்கள் வெறும் டெஸ்டர் என்பார்கள், புருஷன் மட்டும் ‘ஏய்’ என்பான்.

புருஷனுக்கு ஏணி என்று பெயர். ஆள் அவ்வளவு உயரம், ஸ்டூல் போடாமலே ஃபேன் மாட்டுவான். சும்மா சொல்லக் கூடாது, கல்யாணமான புதிதில் நல்ல வேலைக்காரன்தான். அவனுக்கு ஏணி பிடிக்கத்தான் அவள் முதன்முதலில் வேலைக்கு வந்தாள். பிடித்தவள் சும்மா பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம். மேலே என்ன செய்கிறான் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டு வருஷத்தில் அவனுக்கே தப்புச் சொல்ல ஆரம்பித்தாள்.

வினை அங்கேதான் பிடித்தது. ஒரு வீட்டில் படிக்கட்டு விளக்கு மேலே போட்டால் எரிந்தது, கீழே அணைக்க முடியவில்லை. “ரெண்டு ஒயரை மாத்திக் குடுத்திருக்கீங்க” என்றாள். வீட்டுக்காரர் எதிரிலேயே விட்டான் ஒரு அறை. இடது காதில் மூன்று நாளைக்குக் கொய்யென்று சத்தம். வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவர்ப் பெயிண்டைத் தடவிப் பார்த்தார். அது முதல் அறை. அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்றாவது விழுந்தது, பதினாறு வருஷம்.

அவளும் ஒன்றும் அப்பாவி இல்லை. பற்றவைக்கிற சூடான இரும்பை ஒருமுறை அவன் தொடையில் வைத்து அழுத்திவிட்டாள். ஒருமுறை கட்டிங் பிளேயரை எறிந்து நெற்றியைப் பிளந்தாள். அதனால் கூட வேலை செய்கிறவர்களுக்கு ஒரே வேடிக்கை. டீக்கடையில் அவள் வீங்கிய கன்னத்தோடு வந்து நின்றால், “என்ன டெஸ்டரு, இன்னிக்கு வீட்ல எங்க ஷார்ட் சர்க்யூட்டு?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். இவர்களுக்கெல்லாம் வேலை பிடித்துக்கொடுக்கிற மேஸ்திரியிடம் இரண்டு முறை போய் அழுதாள். அவர் நல்ல மனுஷர், தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். “கொஞ்சம் வாயைக் குறைச்சுக்கம்மா” என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

போகட்டும். போன வருஷம் விழுந்த ஒரு குத்தில் முன்பல் பாதி உடைந்தது. பல் டாக்டரிடம் போனாள். “தடுக்கி விழுந்துட்டீங்களா?” என்று கேட்டார். “ஆமா டாக்டர், ஏணி தடுக்கிடுச்சு” என்றாள். பொய் சொல்லவில்லை, பாருங்கள்! நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தபோது தலைக்கு மேல் இருந்த விளக்கு விட்டு விட்டு மினுக்கியது. வாயை மூடவிட்டதும் முதல் வேலையாக, “டாக்டர், உங்க நியூட்ரல் ஒயர் லூசு” என்றாள். ஆறு மாதமாக மூன்று பேர் வந்து பார்த்தும் கண்டுபிடிக்காத கோளாறு அது. வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே போர்டைத் திறந்து சரிசெய்துவிட்டுப் போனாள்.

டாக்டர் அசந்துபோனார். அடுத்த மாதமே கூப்பிட்டு அனுப்பினார். “வீட்டு மாடியில ஒரு பெரிய ரூம் சும்மா கிடக்கு. நாங்க படம் பாக்கணும், என் பிள்ளைங்க கேம் ஆடணும். ஆனா வெளிய ஒரு சத்தம் போகக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு ஸ்பூன் கீழ விழுந்தாலும் சண்டைக்கு வர்ற ஆளு.”

அந்த மாதிரி வேலை அவளுக்கு அதுவரை வாய்த்ததில்லை. காலி அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள், எழுந்தாள், நகர்த்திப் போட்டு மறுபடி உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் காது எந்த உயரத்தில் வருகிறது என்று சுவரில் சாக்பீஸால் கோடு போட்டாள். ஸ்பீக்கர் ஏழும் அந்தக் கோட்டுக்குத்தான். புரொஜெக்டர் எங்கே தொங்கினால் நடுவில் எழுந்து போகிறவர் தலை திரையில் விழாது என்று புருஷன் ஏணியையே நிற்க வைத்துப் பார்த்தாள். கேம் ஆடுகிற மூலைக்குத் தனி லைன், ஏ.சி.க்குத் தனி லைன். பிள்ளைகள் ஆட்டத்தில் காலை உதைப்பார்கள் என்று பிளக்கை இடுப்புக்கு மேல் வைத்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக, கரண்ட் ஒயர் ஒரு பைப்பில், சத்தம் போகிற ஒயர் வேறு பைப்பில், நடுவில் ஒரு அடி இடைவெளி. ஒட்டிப் போனால் ஸ்பீக்கர் படம் முடியும்வரை ‘ம்ம்ம்’ என்று முனகும்.

டாக்டர் எது கேட்டாலும் அவளிடமே கேட்டார். ஏணி கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். மரியாதைக்காக, “நீங்க என்ன சொல்றீங்க?” என்று அவனையும் ஒருமுறை கேட்டார். “எல்லாம் தெரிஞ்ச மேதை அங்க நிக்கிறாளே, அவளையே கேளுங்க” என்றான். வீட்டுக்கு வந்ததும் அவள் பிளான் வரைந்திருந்த நோட்டை எடுத்து அடுப்பில் சொருகினான். தடுக்கப் போனவளின் மயிரைப் பிடித்து, தலையைச் சுவரில் இரண்டு முறை மோதினான். நோட்டு எரிந்தது. பிளான் அவள் தலைக்குள் இருந்தது, அதை எரிக்க அவனால் முடியவில்லை.

இத்தனை வாங்கிக்கொண்டு ஏன் இருந்தாள் என்று கேட்பீர்கள். லைசென்ஸ் அவன் பெயரில். அவன் கையெழுத்து இல்லாமல் அவள் ஒரு சுவிட்ச் மாற்றினாலும் குற்றம். பரீட்சை எழுத இரண்டு முறை விண்ணப்பம் வாங்கினாள், இரண்டையும் கிழித்துப்போட்டான். இன்னொன்றும் உண்டு. அவன் தன்னை அடிப்பானே தவிர, கொல்ல மாட்டான் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கைக்கு அவளிடம் ஒரு சாட்சியும் இருந்தது.

அது ஃபியூஸ் கட்டை; பிடுங்கினால் அந்த லைனில் கரண்ட் ஓடாது. ஒயரில் கை வைக்கிறவர், அந்த லைனின் கட்டையைப் போர்டிலிருந்து பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து அவரே போய் மாட்டுகிறவரைக்கும் அதை இன்னொருவர் தொடக் கூடாது. எங்கேயும் எழுதி வைத்ததில்லை, ஆனால் அந்தத் தொழிலில் அதை மீறினவன் கிடையாது. குடித்துவிட்டு வருகிறவன் மீற மாட்டான், பத்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லாத பகையாளிகூட மீற மாட்டான். ஏணியும் அப்படித்தான். காலையில் அவள் உதட்டைக் கிழித்திருப்பான். வேலைக்குப் போனதும் கட்டையைப் பிடுங்கி அவள் உள்ளங்கையில் வைத்து, “பையில போடு” என்பான். பதினாறு வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. இந்த ஆள் கையில் என் உயிர் பத்திரம் என்று அவள் நினைத்திருந்தாள், பாவி!

சுவர் பூசி, பஞ்சுப் பலகை ஒட்டி, ஓரமெல்லாம் ரப்பர் வைத்த தடிக் கதவும் மாட்டியாகிவிட்டது. டாக்டர் ஆசையாக ஸ்பீக்கரைக் கொண்டுவந்து மாட்டிப் போட்டார். ‘ம்ம்ம்ம்’ என்றது. அவள் பின்சுவரில் காதை வைத்தாள், தட்டினாள், முகம் கறுத்துப்போனாள். பின்சுவரில் பைப்பும் ஒயரும் ஏணி தனியாகப் போட்டவை.

“இது யார் பண்ணது?” என்றார் டாக்டர்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தால் அவள் டெஸ்டரே இல்லை. “இவரு போட்டது டாக்டர். ரெண்டையும் ஒரே பைப்புல விட்டிருக்காரு. செவுத்த உடைச்சுத்தான் எடுக்கணும்.”

டாக்டர் திட்டக்கூட இல்லை. “அப்போ அவரே உடைக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாள் அவன் உளியும் சுத்தியலுமாகத் தான் பூசின சுவரைத் தானே கொத்தினான். டாக்டரின் பிள்ளைகள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் நாள் மதியம், பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் டாக்டர் கிளினிக்கிலும் இருந்த நேரம், அவன் அந்தத் தடிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டான்.

மீதம் கிடந்த பைப்பை எடுத்து அடித்தான். நாலாவது அடியில் பைப் உடைந்தது. உடைந்த முனையாலேயே அடித்தான், முதுகுச் சட்டை கிழிந்து ரத்தம் வந்தது. அவள் உளியைத் தாவி எடுத்து அவன் முழங்கையில் குத்தினாள். அவன் அவளைக் கீழே தள்ளி, விலாவில் மிதித்தான். “கத்துடி! நீ பண்ண ரூம்தானே, எவ்ளோ நல்லா பண்ணியிருக்கேன்னு பாப்போம்” என்றான். அவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். அவன் மூச்சு வாங்கும்வரை மிதித்துவிட்டு, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கீழே போனான்.

அவள் படிக்கட்டைப் பிடித்துப் பிடித்து இறங்கி வெளியே வந்தபோது, ஸ்பூன் விழுந்தாலும் சண்டைக்கு வருகிற அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். “என்னம்மா, வேலை இல்லையா இன்னிக்கு? சத்தமே காணோம்!” என்றார் சந்தோஷமாக.

மறுநாளும் வேலைக்குப் போனாள். அந்த அறையில் ஒரு படம் ஓடுவதைப் பார்க்காமல் விட அவளுக்கு மனசில்லை. மிச்சம் இருந்தது புரொஜெக்டர் பாயிண்ட் மட்டும். கீழே படிக்கட்டுக்கு அடியில் இருந்தது பழைய போர்டு, வெள்ளைப் பீங்கான் கட்டைகள் வரிசையாக. மாடி லைன் கட்டையைத் தானே பிடுங்கி, மேலே போட்டிருந்த அவனுடைய பழைய சட்டையின் பையில் போட்டுக்கொண்டு ஏறினாள். சத்தம் போகாத அறையில் காற்றும் போகாது, ஏ.சி.யும் இன்னும் ஓடவில்லை. முதுகுக் காயத்தில் வியர்வை பட்டு எரிந்தது. மேல்சட்டையைக் கழற்றிக் கதவுப் பிடியில் மாட்டினாள். மாட்டிவிட்டு மர ஏணிமேல் ஏறினாள். கட்டை சட்டைப் பையிலேயே இருந்தது. அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

கொண்டையிலிருந்து டெஸ்டரை எடுத்து ஒயரில் வைத்தாள். விளக்கு எரியவில்லை. இடது கையால் புரொஜெக்டர் தொங்கப்போகிற இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஒயர் முனையை முறுக்கினாள். மூலையில் உட்கார்ந்திருந்த புருஷன் எழுந்து கதவுப் பக்கம் போனான். சட்டையை எடுத்தான். தீப்பெட்டி தேடுகிறான் என்று நினைத்தாள். திறந்திருந்த கதவு வழியாக அவன் படி இறங்கும் சத்தம் கேட்டது. இருபத்திரண்டு படி அது; தினம் ஏறி இறங்கி அவளுக்கு மனப்பாடம். டீ குடிக்கப் போகிறான், சனியன் தொலையட்டும் என்று முறுக்கிக்கொண்டே இருந்தாள். செருப்புச் சத்தம் நின்றது.

அவ்வளவுதான் அவளுக்கு நினைவு. வலது கையிலிருந்து இடது கைக்கு நெஞ்சு வழியாக ஒரு உதை. கை ஒயரை விடமாட்டேன் என்கிறது, பல் பல்லோடு ஒட்டிக்கொள்கிறது. உடம்பு வெட்டி இழுத்ததில் மர ஏணி சரிந்தது, அவள் எடையே அவளை ஒயரிலிருந்து பிய்த்துக் கீழே போட்டது. விழுந்ததால் பிழைத்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது, உள்ளங்கை கரிந்தது.

ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை இருக்கிறதே, நர்ஸ்களே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். “கட்டையப் புடுங்க மறந்துட்டு ஏறிட்டா” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னான். ஊமைவலியோடு படுத்திருந்தவள் இதைக் கேட்டாள். மறந்தாளாம்! டெஸ்டர் மறந்தாளாம்! வந்த வேலையாட்கள் எல்லோரும், “எவ்ளோ பெரிய கை, நீயே மறந்துட்டியேம்மா” என்று உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்கள்.

படுத்துக்கொண்டே யோசித்தாள். அறை கோபத்தில் வரும், குத்து கோபத்தில் வரும். அவளுக்கும் கோபம் வரும், அது எவ்வளவு நேரம் நிற்கும் என்று தெரியும். இருபத்திரண்டு படி இறங்குகிற வரைக்கும் எந்தக் கோபமும் நிற்காது. நடுவில் எந்தப் படியிலாவது அவன் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. வீட்டுக்குத் திரும்பிப் போனால் அடுத்த முறை சரியாகச் செய்வான் என்று புரிந்தது.

பத்தாம் நாள் மேஸ்திரி போன் பண்ணினார். “டாக்டர் அவசரப்படுறாரு. பிளான் உன் தலையில இருக்கு. எந்த ஒயர் எங்கன்னு வந்து காட்டிட்டு மட்டும் போம்மா.” மாவுக்கட்டுக் கையோடு போனாள். அறையில் மேஸ்திரி, டிரில் என்கிற வேலையாள், மொட்டை என்கிற இன்னொருவன், அப்புறம் ஏணி. ஏணி விசில் அடித்துக்கொண்டே டேப் சுற்றிக்கொண்டிருந்தான்.

அவள் பாயிண்டைக் காட்டவில்லை. “அண்ணே, நான் கட்டையப் புடுங்கிட்டுத்தான் ஏறினேன்” என்றாள்.

விசில் நின்றது. “மண்டையில அடிபட்டதுல உளர்றா அண்ணே” என்றான் ஏணி.

“டெஸ்டர் வச்சுப் பாத்தேன், எரியல. அப்புறம்தான் தொட்டேன். கட்டை என் மேல்சட்டைப் பையில, சட்டை இந்தக் கதவுல.”

மேஸ்திரி ஏணியைப் பார்த்தார். “கட்டை யார் பையில இருந்துச்சு?” அந்தத் தொழிலில் எந்த விபத்து நடந்தாலும் முதலில் கேட்கிற கேள்வி அது.

“அவ புடுங்கவே இல்ல அண்ணே.”

“சட்டை எங்க?”

மொட்டைதான் வாயைத் திறந்தான். “சட்டை கீழ போர்டுகிட்ட கிடந்துச்சு அண்ணே. மறுநாள் பூட்ட வந்தப்ப நான்தான் எடுத்து மாட்டினேன். மாடியில கழட்டின சட்டை எப்படிக் கீழ வரும்னு அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு.”

ஏணி கதவைப் பார்த்தான். டிரில் போய்க் கதவைச் சாத்தினான். “நான்... தண்ணி மோட்டார் போடலாம்னு கட்டையை...” என்று ஆரம்பித்தான் ஏணி. முடிக்க விடவில்லை. மேஸ்திரியின் முதல் குத்து வாயிலேயே விழுந்தது. “ஒயர்ல கை வச்சிருக்கறவ கட்டையையாடா போட்ட! கட்டையையாடா!” அவ்வளவு உயரமான ஆள் மடங்கிக் கீழே வந்தான். டிரில் இடுப்பில் உதைத்தான், மொட்டை மயிரைப் பிடித்துத் தூக்கிப் பலகையில் அறைந்தான். பஞ்சுப் பலகையெல்லாம் ரத்தம். அவன் கத்தினான். சத்தம் வெளியே போகவில்லை. மூக்கு உடைகிற சத்தம் அறைக்குள் தெளிவாகக் கேட்டது.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்? ஒவ்வொரு அடிக்கும் உடம்பே குளிர்ந்தது. இன்னும், இன்னும் என்று மனசு கேட்டது. பிறகு திடீரென்று வேறொன்று நினைவுக்கு வந்தது. இவர்களில் இரண்டு பேர் டீக்கடையில் சிரித்தவர்கள், மேஸ்திரி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினவர். உதடு கிழிந்து வந்தபோது இருந்தார்கள், பல் உடைந்து வந்தபோது இருந்தார்கள். ஒருவன் ஒரு விரலைத் தூக்கவில்லை. இன்றைக்கு இவர்களுக்குக் கண் சிவப்பது அவளுக்காக இல்லை, கட்டைக்காக. அவன் உடைத்தது இவர்களுடைய சட்டத்தை.

“போதும். செத்துடுவான்” என்றாள். நிறுத்தினார்கள்.

மேஸ்திரி முழங்கையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து பேனாவையும் காகிதத்தையும் எடுத்தார். “இனி இவன் லைசென்ஸ் கேன்சல், ஜெயில்தான். போலீசுக்கு நானே எழுதறேன். நீ இடது கையில ஒரு கையெழுத்து மட்டும் போடு தங்கச்சி. கட்டையப் போட்டான்னு எழுதறேன்.”

“மொதல்லேர்ந்து எழுதுங்க அண்ணே” என்றாள்.

“எதுலேர்ந்து?”

“மொத அறையிலேர்ந்து. காது. விலா. பல்லு. கரண்ட் அடிச்சதுக்கு மொத நாள் இதே ரூம்ல பைப்பால அடிச்சது. எல்லாம்.”

மேஸ்திரி தர்மசங்கடமாகச் சிரித்தார். “அதெல்லாம் எதுக்கும்மா இதுல? புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். அது குடும்ப விஷயம். கட்டை வேற.”

இடது கைதான். இருந்தாலும் பதினாறு வருஷம் ஒயர் இழுத்த கை. விட்ட அறையில் மேஸ்திரியின் கண்ணாடி தெறித்துப் போய் விழுந்தது, பேனா உருண்டது. டிரில்லும் மொட்டையும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். கீழே கிடந்த ஏணிகூட வீங்கிய கண்ணைத் திறந்து பார்த்தான்.

“தங்கச்சின்னுதானே கூப்பிட்டீங்க?” என்றாள். கண்ணில் நீர் கொட்டியது. “இதுவும் குடும்ப விஷயம்தான் அண்ணே. வெளிய சொல்லாதீங்க.”

மேஸ்திரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் குனிந்து கண்ணாடியைத் தேடி எடுத்து, கோணியிருந்த அதன் காதுக் கம்பியை நிமிர்த்திப் போட்டுக்கொண்டார். பேனாவை மொட்டை எடுத்துக் கொடுத்தான். அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காகிதத்தை முழங்காலில் வைத்தார்.

“அந்தப் படிக்கட்டு லைட்டு வீடு” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். “அது எந்த வருஷம்மா?”